அலை தாண்டினால்தான் ஆழம்

ஆழ்கடல் ஆய்வின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நீரழுத்தத்தின் கதையையே சொல்கிறார்கள். பத்து மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. அதைத் தாங்க எஃகிலும் டைட்டானியத்திலும் கோளங்கள் வார்த்தார்கள். மனிதன் கடலின் அடியைத் தொட்டான் என்று அந்தக் கதை முடியும். அதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. ஆட்கள் ஏறிச் செல்லும் ஆய்வுக் கலங்களின் வரலாற்றைச் சம்பவம் சம்பவமாகப் பார்த்தால், கலத்தைக் கப்பலிலிருந்து கடலில் இறக்கும் சில நிமிடங்களும் கடலிலிருந்து மீட்டு ஏற்றும் சில நிமிடங்களுமே இந்தத் தொழிலின் எல்லையைத் திரும்பத் திரும்ப வகுத்திருக்கின்றன என்பது விளங்கும்.

முதல் சான்று 1948இல் கிடைத்தது. அகுஸ்த் பிக்கார் வடிவமைத்த எஃப்.என்.ஆர்.எஸ்.-2 என்ற கலம், மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் ஆளில்லாமல் 1,380 மீட்டர் இறங்கி, கோளத்துக்குச் சேதமின்றி மேலே வந்தது. ஆழம் அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதன் மிதவையில் பல்லாயிரம் லிட்டர் பெட்ரோல் நிறைந்திருந்தது. அந்த எடையோடு கலத்தைக் கப்பலில் தூக்க வழியில்லை. அலையில் கிடந்த மெல்லிய தகட்டு மிதவை நசுங்கியது. பெட்ரோலைக் கடலில் கொட்டிவிட்டுத்தான் கலத்தை மீட்டார்கள். 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்காரும் டான் வால்ஷும் மரியானா அகழியின் அடியைத் தொட்ட திரியெஸ்தும் கப்பலில் தூக்க முடியாத கலம்தான். குவாம் தீவிலிருந்து அதைக் கடலில் இழுத்தே கொண்டுபோனார்கள். அந்த இழுவையில் அலைகள் மேற்பரப்புத் தொலைபேசியைப் பிய்த்துச் சென்றன. கருவிகள் சில கெட்டன. அதுவரை உலகில் நடந்தவற்றில் மிக ஆழமான பயணம், இறங்கத் தொடங்கும் முன்பே காயப்பட்டிருந்தது.

அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம் 1964இல் இயக்கத் தொடங்கிய ஆல்வின், தூக்கி இறக்கும் அளவுக்குச் சிறியது. அதற்குத் துணையாக, பழைய கடற்படை மிதவைகள் இரண்டை இணைத்து லூலு என்ற இரட்டை உடல் கப்பலைக் கட்டினார்கள். இரு உடல்களுக்கும் நடுவே ஒரு தொட்டில் கம்பிவடங்களில் தொங்கி ஏறி இறங்கும். 1968 அக்டோபர் 16 அன்று மூன்று பேருடன் ஆல்வினை இறக்கும்போது வடங்கள் அறுந்தன. மேல்மூடி இன்னும் திறந்தே இருந்தது. தண்ணீர் புகுந்த கலத்திலிருந்து மூவரும் வெளியேறித் தப்பினார்கள். ஆல்வின் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டுதான் அதை மீட்டார்கள். 1973இல் அயர்லாந்துக்குத் தெற்கே, கடலடித் தொலைபேசிக் கேபிள் பணியை முடித்துக்கொண்டு பைசீஸ் 3 என்ற கலம் மேலே வந்துவிட்டது. கப்பலோடு சேர்க்கும் நேரத்தில் இழுவைக் கயிறு சிக்கி, பின்புறக் கோளத்தின் மூடியைப் பெயர்த்தது. நீர் புகுந்த கலம் 480 மீட்டர் ஆழத்தில் போய் விழுந்தது. உள்ளே இருந்த ரோஜர் மல்லின்சனும் ரோஜர் சாப்மனும் மூன்று நாளுக்கு மேல் காத்திருந்து, ஆக்சிஜன் தீரும் தறுவாயில் மீட்கப்பட்டார்கள். இந்த இரண்டு விபத்துகளும் கடல்மட்டத்தில் தொடங்கியவை.

பிறகு வந்த முன்னேற்றமும் இதையே காட்டுகிறது. 1980களில் லூலுவுக்கு ஓய்வு கொடுத்து, அட்லாண்டிஸ் 2 கப்பலின் பின்புறத்தில் ‘ஏ’ எழுத்து வடிவ எஃகுச் சட்டம் ஒன்றைப் பொருத்தினார்கள். அது சாய்ந்து கலத்தைக் கப்பலுக்கு வெளியே நீட்டும். தடித்த வடம் அதைத் தாழ்த்தும். கலத்தின் முதுகில் நிற்கும் நீச்சல்காரர்கள் கயிறுகளைக் கழற்றி, எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு ரப்பர் படகுக்குத் தாவுவார்கள். மாலையில் கலம் மிதந்து வந்ததும் அவர்களே நீந்திப்போய், ஏறி இறங்கும் அலையில் கால் ஊன்றி வடத்தை மாட்டுவார்கள். 1986இல் டைட்டானிக்கின் சிதைவுகளை நேரில் பார்க்க ஆல்வின் இறங்கியது இந்தக் கப்பலிலிருந்துதான்.

2023இல் டைட்டன் என்ற கலம் ஆழத்தில்தானே நொறுங்கி ஐந்து உயிர்களைக் கொண்டுபோனது என்று கேட்கலாம். உண்மை, அழுத்தம் பிழையை மன்னிக்காது. ஆனால் குறிப்பிட்ட ஆழத்தில் அழுத்தம் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும். கரையிலுள்ள அழுத்தக் கலனில் சோதிக்கலாம். டைட்டனோ சுயேச்சையான தரச்சான்று பெறாமல் இறங்கிய கலம். அலை அப்படிக் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஆளில்லா இயந்திரங்கள் வந்துவிட்டதால் இந்தக் கவலை தீர்ந்தது என்பதும் சரியல்ல. அவற்றையும் அதே அலையில்தான் இறக்கி ஏற்ற வேண்டும். புதிய எஃகுச் சட்டமும் வடமும் பொறுக்கும் அலையின் உயரத்தைக் கூட்டின. கடல் கொந்தளித்தால் இன்றைக்கும் அன்றைய பயணம் ரத்துதான்.

இது நமக்கு வெகுதூரத்துச் செய்தி இல்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப உருவாக்கும் மத்ஸ்யா 6000, 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீரில் சோதிக்கப்பட்டது. துறைமுகத்துத் தண்ணீர் அடங்கியது. திறந்த கடல் அப்படியல்ல. கோளத்துக்குத் தரும் கவனத்தையும் காசையும் கப்பலுக்கும், வடத்துக்கும், தளத்தில் நிற்கும் ஆட்களின் பயிற்சிக்கும் குறையாமல் தர வேண்டும். ஆழத்தைத் தொட்டவர்களின் பெயரோடு, அவர்களை அலையிலிருந்து தூக்கி எடுத்தவர்களின் பெயரையும் நம் வரலாறு எழுதி வைக்கட்டும்.