கட்டுமரமும் வெறுங்காலும்

படகைத் தோளில் சுமக்க எந்தச் செருப்பு சரி? நம்ம கடற்கரை சொல்லும் பதில்: எதுவும் வேண்டாம்!

ஆங்கிலத்துக்கு 'காட்டமரான்' என்ற வார்த்தையைத் தந்ததே நம்ம கட்டுமரம்தான். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தோளில் தூக்கி வந்து மணலில் காயவைப்பார்கள். தண்ணீர் ஊறிய மரம் சரியாக மிதக்காதே! அலையில் செருப்பு நழுவும், மணலில் புதையும். விரல்கள்தான் பிடிமானம். ஆனால் உச்சி வெயிலில் அதே மணல் சுடும்.

எங்க காஞ்சிபுரத்தில் கருட சேவையன்று வரதராஜப் பெருமாளைச் சுமக்கிறவர்களும் வெறுங்கால்தான். இங்கே காரணம் பக்தி, அங்கே பிழைப்பு.

2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. சில கரைகளில் டிராக்டரே படகை இழுக்கிறது. கட்டுமரம் குறைந்துவிட்டது. வார்த்தை அகராதியில் பத்திரமாக இருக்கிறது. சுமந்த பாதங்களை யார் எழுதி வைத்தார்கள், சொல்லுங்கள்?