இடையன்குடித் தூய திரித்துவ ஆலயம்: ஊரும் உழைப்பும்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், திசையன்விளைக்கு அருகே தேரிக்காட்டுப் பகுதியில் அமைந்துள்ள சிற்றூர் இடையன்குடி. கால்டுவெல் வாழ்ந்த ஊர் என்ற அளவிலேயே தமிழாய்வாளர் பலரும் இவ்வூரை அறிவர். ஆயின், இங்குள்ள ஆங்கிலிக்கத் திருச்சபை மரபிலான ஆலயத்தின் வரலாறு தனியொருவர் வரலாறு மட்டுமன்று. ஓர் ஊர் உருவான வரலாறும் ஆகும்.

ஊரும் சூழலும்

இடையர் குடியிருந்த ஊர் என்பது பெயரின் நேர்ப்பொருள். எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்குக் கிறித்தவம் தழுவியோர் பெரும்பாலும் பனைத்தொழில் செய்த மக்களாவர். செம்மணல் மேடுகள் நிறைந்த இந்நிலத்தில் காற்று மணலை இடம்பெயர்த்துக்கொண்டே இருக்கும். மழை குறைவு. இந்நிலையில் பனையே வாழ்வுக்கு ஆதாரமாயிற்று. கோடையில் பதநீரும் அதைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியும் உணவாகவும் வருவாயாகவும் பயன்பட்டன.

இப்பகுதியில் கிறித்தவம் கால்டுவெல்லுக்கு முன்னரே வேரூன்றியிருந்தது. தஞ்சை மிஷனின் உபதேசியாரான தாவீது சுந்தரானந்தம் முன்னின்று உழைக்க, 1799இல் முதலூர் என்னும் கிறித்தவக் குடியிருப்பு தோன்றியது. உள்ளூர் உபதேசியார்களின் இத்தகைய பணியே பின்வந்த மிஷனரிகளுக்கு அடித்தளமாயிற்று.

கால்டுவெல்லின் வருகை

அயர்லாந்தில் 1814இல் பிறந்த இராபர்ட் கால்டுவெல், இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1838இல் சென்னை வந்தார். பின்னர் ஆங்கிலிக்கத் திருச்சபையில் சேர்ந்து குருப்பட்டம் பெற்று, 1841இல் இடையன்குடியை அடைந்தார். சென்னையிலிருந்து பயணத்தின் பெரும்பகுதியை நடந்தே கடந்தார். இங்கு நேரான தெருக்களும் கிணறுகளும் பள்ளிகளும் அமைந்தன. 1844இல் அவர் மணந்த எலைசா மால்ட், நாகர்கோவில் மிஷனரி சார்லசு மால்ட்டின் மகளாவார். தமிழை நன்கறிந்த இவ்வம்மையார் பெண்கல்வியை வளர்த்ததோடு, பெண்களுக்குப் பின்னல்வேலையும் கற்பித்தார். பனைத்தொழிலை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது மற்றொரு வருவாய் வழியாயிற்று.

ஆலயம் எழுந்தமை

ஆலயப்பணி 1847இல் தொடங்கியது. 1880 ஜூலை 6ஆம் நாள் ஆலயம் பிரதிட்டை செய்யப்பெற்றது. இடைப்பட்ட காலம் 33 ஆண்டுகள். கூர்மாடப் பாணியில் அமைந்த இக்கட்டடம் பனையோலைக் குடிசைகளுக்கிடையே எழுந்தது. இக்காலத்திலேயே, 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அதன் திருத்திய பதிப்பு 1875இல் வந்தது. 1877இல் கால்டுவெல் பேராயர் ஆனார். 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சமும் இக்காலத்ததே. நூலும் ஆலயமும் ஒரே காலத்தில் வளர்ந்தன எனலாம்.

ஒரு முரண்

இதே காலப்பகுதியில் நேர்ந்த பிறிதொன்றையும் மறைத்தல் தகாது. 1849இல் கால்டுவெல் வெளியிட்ட 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்னும் ஆங்கிலச் சிறுநூல், அம்மக்களை இழிவாகச் சித்திரித்ததோடு, அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியோர் எனவும் கூறியது. கல்வி பெற்ற தலைமுறையினர் அந்நூலைப் படித்து மனம் புண்பட்டனர். மிஷனரிகளோடு முரண்பட்ட நாசரேத்தைச் சார்ந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, 1857இல் தனித் திருச்சபையொன்றை நிறுவினார்; கால்டுவெல்லின் கருத்துகளையும் மறுத்தெழுதினார். எதிர்ப்பு வலுத்தபின் அச்சிறுநூல் விலக்கிக்கொள்ளப்பட்டது. மிஷன் பள்ளிகள் அளித்த எழுத்தறிவே மிஷனரியின் எழுத்தை எதிர்க்கும் கருவியாயிற்று என்பது இங்கு நோக்கத்தக்கது.

பிற்காலம்

1883இல் கால்டுவெல் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்தார். 1891 ஆகஸ்டு 28ஆம் நாள் கோடைக்கானலில் மறைந்த அவரது உடல், இடையன்குடிக்குக் கொணரப்பெற்று ஆலயத்தினுள் அடக்கம் செய்யப்பட்டது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்க மரபிலான இவ்வாலயமும் அதன் பகுதியாயிற்று. அவர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாகப் போற்றப்படுகிறது.

முடிவுரை

திராவிட மொழிகளின் தனித்தன்மையை உலகறிய நிறுவியவரே, தம்மைச் சூழ வாழ்ந்த மக்களைப் பற்றித் தவறாக எழுதினார். அவருடைய மொழியாய்வின் சிறப்பு அத்தவற்றை மறைப்பதில்லை. அத்தவறு மொழியாய்வின் சிறப்பைக் குறைப்பதுமில்லை. அவர் எழுத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் சந்ததியாரே தலைமுறைதோறும் இவ்வாலயத்தில் தமிழில் வழிபட்டு வந்துள்ளனர். அவர் கல்லறையைப் பேணி வருவோரும் அவர்களே. இடையன்குடியின் வரலாற்றை எழுதுவோர் நூலாசிரியருக்கு அளிக்கும் இடத்தை அம்மக்களுக்கும் அளித்தல் வேண்டும்.