நைனா சொன்ன தூத்துற மிஷின்

எங்கள் ஊர் தடாவில் பனி என்றால் மார்கழிக் காலையில் பழவேற்காட்டு ஏரிப் பக்கமிருந்து படரும் மூடுபனிதான். வெயில் வந்தால் ஓடிவிடும். நான் இப்போது குப்பை கொட்டும் பேரியில் (டொராண்டோவுக்கு வடக்கே) அது ஓடாது, நாம்தான் ஓட்ட வேண்டும். பக்கத்து ஜார்ஜியன் விரிகுடாவின் ஈரத்தை மேல்காற்று அள்ளிவந்து எங்கள் தலையில் பனியாகக் கொட்டும்.

வீடு வாங்கும்போது டிரைவ்வே பெரிதாக இருக்கிறதே என்று பூரித்தேன். வங்கியில் ஊருக்கெல்லாம் கடன் கணக்குப் போட்டுக் கொடுப்பவனுக்கு அந்த நீளத்தைப் பெருக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. போன ஜனவரியில் ஷவலால் வாரிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். தசைப்பிடிப்புதான், ஆனால் டாக்டர் "நாற்பத்தாறு வயசில் இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். மிஷின் வாங்குவது என்று முடிவானது.

கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒற்றைக் கட்டத்தில் ஒரே துடுப்புதான், அதுவே வாரும், அதுவே எறியும். லேசான பனிக்குப் போதும். இரட்டைக் கட்டத்தில் முன்னால் திருகு, பின்னால் விசிறி. திருகு பனியை உடைத்து நடுவுக்குத் தள்ளும், விசிறி அதைக் குழாய் வழியாகத் தூர எறியும். விலை ஏகத்துக்கும் அதிகம். பி.காம் புத்தி உடனே தேய்மானக் கணக்கில் இறங்கியது. ஒற்றையே போதும் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன்.

அன்றிரவு போனில் நைனாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "ஏன்டா, அது நம்ம போர் அடிச்சி தூத்துற மிஷினாட்டம் இல்ல?"

சிரித்துவிட்டு வைத்தேன். பிறகு சும்மா இருக்க முடியாமல் தேடிப் படித்தால், நைனா சொன்னதுதான் சரித்திரம்!

கியூபெக்கின் ஆர்தர் சிகார் 1876-ல் பிறந்தவர், பால் பண்ணைக்காரர். பனியில் பாதை அடைத்தால் பால் ஊருக்குப் போகாது. 1894-ல், பதினெட்டு வயதில், வயலில் கதிரடிக்கும் மிஷின் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். கதிரை உள்ளே இழுத்து வைக்கோலை வெளியே தள்ளும் மிஷினுக்குப் பனியைக் கொடுத்தால் என்ன என்ற யோசனை அங்கே பிறந்ததாம். செய்து முடிக்க 1925 ஆகிவிட்டது. லாரியின் மேல் தனி என்ஜின் வைத்துப் பனியை 90 அடிக்கு அப்பால் எறிந்தது அவர் வண்டி. 1927-ல் மாண்ட்ரியலை ஒட்டிய ஊட்ரமாண்ட் நகரம் முதல் வண்டியை வாங்கியது. முப்பது வருஷம் ஒரு யோசனையைச் சுமந்த மனிதர். நான் மூன்று வாரத்தில் சலித்துப் போயிருந்தேன்.

ரயில்காரர்கள் அதற்கும் முன்பே இதில் இறங்கிவிட்டார்கள். 1869-ல் சுழலும் பனிக்கலப்பைக்குக் காப்புரிமை வாங்கிய ஜே. டபிள்யூ. எலியட், டொராண்டோவில் பல் டாக்டர் (பல்லைக் குடைந்த கை!). அதை எடுத்து வளர்த்தவர் எங்கள் பக்கத்து ஆரஞ்ச்வில்லைச் சேர்ந்த ஆரஞ்ச் ஜல். ஜல்லின் அமைப்பில் முன்னால் வெட்டும் சக்கரம், பின்னால் எறியும் விசிறி. கடையில் நான் விலை கேட்டு மலைத்தேனே, அந்த இரண்டு கட்டமும் 1880களிலேயே தண்டவாளத்தில் ஓடியிருக்கின்றன. நடந்துபோகிறவன் பிடித்துத் தள்ளும் அளவுக்கு அது சுருங்கப் பல காலம் ஆயிற்று. விஸ்கான்சினின் ஏரியன்ஸ் கம்பெனி தன் ஸ்னோ-த்ரோவை 1960-ல்தான் கொண்டுவந்தது.

வெட்டுவதும் எறிவதும் ஏன் இரண்டு வேலை என்பது டிரைவ்வேயின் முனையில்தான் புரியும். நகராட்சிக் கலப்பை தெருவைச் சுத்தம் செய்துவிட்டு, உப்பும் அழுக்குமாக இறுகிய பனியை நம் வாசலில் வரப்பு போட்டுவிட்டுப் போகும். பனி கொட்டும்போது பஞ்சு, அரை நாள் கழித்துச் செங்கல். அங்கே ஒற்றைத் துடுப்பு துள்ளித் துள்ளிப் பின்வாங்கும். திருகோ மெதுவாகக் கடித்து உடைக்கும். கல் கிடந்தால் ஷியர் பின் உடைந்து கியர் பெட்டி தப்பிக்கும்.

இருபத்தாறு அங்குல இரட்டைக் கட்ட பெட்ரோல் மிஷினையே வாங்கினேன். கூடவே நண்பர் ஒருவரின் இரண்டு விரல் நுனிகளையும் நினைவில் வைத்துக்கொண்டேன். ஈரப்பனி குழாயை அடைத்துக்கொண்டதும் என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் கையை விட்டார். அடைப்பில் சிக்கி இறுகியிருந்த விசிறி, விடுபட்டதும் ஒரு சுற்று சுற்றிவிட்டது. மிஷினோடு ஒரு பிளாஸ்டிக் குச்சி தருவார்கள். வாங்குபவர்கள் அதைத் தொலைக்காதீர்கள், ப்ளீஸ்.

முதல் பனியன்று வீட்டம்மா எடுத்த வீடியோவை நைனாவுக்கு அனுப்பினேன். அதில் நான் தலை முதல் கால் வரை வெள்ளை. எறிந்ததெல்லாம் என் மேலேயே வந்து விழுந்திருந்தது.

"காத்து எந்தப் பக்கம்னு பாக்காமயாடா தூத்துவ?" என்றார். குழாயைக் கிழக்கு வேலிப் பக்கம் திருப்பிவிட்டு மீதியை முடித்தேன்.