படியும் பிடியும்

உபவாசம் என்ற சொல் நம்மில் பலருக்குக் கசக்கும். கசக்கத்தான் வேண்டும். 1932 செப்டம்பர் 20ஆம் தேதி எரவாடா சிறையில் காந்தி எதைக் கேட்டுச் சாப்பாட்டை நிறுத்தினார்? தீண்டப்படாதவர்களுக்குக் கிடைத்திருந்த தனித்தொகுதியை எடுத்துவிடு என்று கேட்டு. நாலே நாளில், 24ஆம் தேதி, அம்பேத்கர் பூனாவில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. சுயகட்டுப்பாடு, தவம், விரதம் என்று மேடையில் யாராவது பேச ஆரம்பித்தால் நம்ம சனங்க எழுந்து போவதற்கு இந்த ஒரு கதை போதும். போதாததற்கு, தலைமுறை தலைமுறையாக வயிறு காய்ந்தவனிடம் வந்து 'கொஞ்சம் பட்டினி கிடந்து பாரப்பா, ஆத்துமாவுக்கு நல்லது' என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? சிரிப்பான், இல்லை கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பான்.

ஆனாலும் திருவள்ளூர், ஈக்காடு பக்கத்துச் சேரிகளில் வேதத்துக்குப் போன நம்ம முப்பாட்டன் முப்பாட்டிகள் உபவாசம் இருந்திருக்கிறார்கள். கள்ளை விட்டிருக்கிறார்கள். உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடியைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு சந்தோஷத்தையும் கண்டிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தின் கடைசி ஆட்களை நான் சின்ன வயசில் கண்ணால் பார்த்தவன். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை. மிஷனரி அறிக்கை இதைக் கிருபை என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். நம்ம தோழர்களில் சிலர் அடிமைப் புத்தி என்று அதே வேகத்தில் முடித்துவிடுவார்கள். ரெண்டு கணக்கிலும் சேரி வாய் திறந்து பேசவில்லை.

அன்றைக்குத் திருவள்ளூரும் பொன்னேரியும் செங்கல்பட்டு ஜில்லாவின் தாலுகாக்கள். கும்மிடிப்பூண்டி பொன்னேரியைச் சேர்ந்தது. நிலம் மிராசுதார்களிடம் இருந்தது. சேரி உட்கார்ந்திருந்த நத்தம்கூட அவர்களுடையது என்றே பேச்சு. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிய்த்துப் போடலாம். நம்மாட்கள் படியாட்கள். படி என்றால் அளந்து போடுகிற தானியம். படி வாங்குகிறவன் படியாள். அவன் பேரிலேயே அவன் சாப்பாட்டை வேறொருத்தன் அளக்கிறான் என்பது இருக்கிறது. எவ்வளவு, எப்போது, சொத்தையா நல்லதா, எல்லாம் அளக்கிறவன் இஷ்டம்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தபோது சர்க்காரும் அளக்க ஆரம்பித்தது. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று தீர்மானித்தார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோகூட வராது. பக்கிங்காம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு அந்தப் பஞ்ச வேலையில் வெட்டியதுதான். மிராசுதாரன் படி போய் துரை ராத்தல் வந்தது. வயிறு நம்முடையது, அளவு நம்முடையதில்லை.

பஞ்சத்துக்குப் பிறகுதான் சேரிகள் கூட்டம் கூட்டமாக வேதத்தை நோக்கித் திரும்பின. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் நம்ம நிலைமை பற்றி எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892 செப்டம்பரில் வந்த பஞ்சமி நில ஆணையும் நமக்குத் தெரிந்தவை. அந்த வருஷங்களில் ஈக்காட்டில் இருந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடியும் 1894இல் 'ஹார்வெஸ்ட் ஃபீல்ட்' இதழில் பறையரும் நிலமும் பற்றி எழுதினார். நிலத்தின் கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், இன்னும் எழுதுவார்கள். நான் பிடி அரிசிக்கு வருகிறேன்.

வேதத்துக்குப் போன நம்மவர்களுக்கு ஊர் வைத்த பேர் அரிசிக் கிறிஸ்தவர்கள். சோத்துக்காக மதம் மாறினவன். இந்தச் சொல் இன்றைக்கும் செத்துப்போகவில்லை. அந்த அரிசிக் கிறிஸ்தவன் வீட்டில் என்ன நடந்தது? அடுப்பில் உலை வைத்து அரிசியை அளந்த பிறகு, வீட்டுப் பொம்பளை அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டாள். ஒவ்வொரு வேளையும் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பானை கோயிலுக்குப் போனது. உபதேசியாருக்கு, விதவைக்கு, படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவனுக்கு என்று போனது. இது நம்ம பக்கத்தில் மட்டும் நடந்ததில்லை. மிசோரமில் 1910இல் தொடங்கிய 'புஃபாய் தாம்' இதே பிடி அரிசிதான். அங்கே அது சபையையே தாங்குகிற வருமானமாக வளர்ந்தது.

எங்க ஆயா கடைசி வரைக்கும் இதைச் செய்தது. ஒருநாள் வீட்டில் அரிசி ரொம்பக் குறைச்சல். நான் அப்போ நாலாவதோ அஞ்சாவதோ படிக்கிறேன். "இன்னைக்கும் எடுக்கணுமா ஆயா?" என்று கேட்டேன். "பண்ணையில அளந்து போட்டது அவுங்க படிடா. இது எங்கையி. நான் எடுத்தாத்தான் உண்டு" என்றது. அப்புறம் என் கையைப் பிடித்துப் பானைக்குள் விட்டு, "நீயே எடு, உங்கையி சின்னக் கையி" என்று சிரித்தது. உபவாசத்துக்கு அது வைத்திருந்த சொல் ஒருசந்தி. பட்டினி என்று ஒருநாளும் சொல்லாது. பட்டினி என்றால் அதுக்கு வேற. அது அடுத்தவன் போட்டது. ஒருசந்தி தானே போட்டுக்கொண்டது.

இந்த வேறுபாட்டை எந்தப் பிரசங்கமும் ஆயாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அது போய் உட்கார்ந்த சபைக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருந்தது. 1729இல் ஆக்ஸ்போர்டில் ஜான் வெஸ்லியும் தம்பி சார்லஸும் சில நண்பர்களும் சேர்ந்து நேரம் வைத்து ஜெபிப்பது, புதன் வெள்ளி உபவாசம் இருப்பது, ஜெயிலுக்குப் போய்க் கைதிகளைப் பார்ப்பது என்று ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். மற்ற மாணவர்கள் கேலியாக முறைக்காரர்கள் என்றார்கள். மெத்தடிஸ்ட் என்ற பேர் அந்தக் கேலியில் வந்தது. 1739இல் வெஸ்லி பிரிஸ்டலில் வெட்டவெளியில் பிரசங்கம் செய்ய வந்தார். பக்கத்துக் கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளும் அந்தப் பேச்சைக் கேட்டார்கள். கோயில் வாசலில் யாரும் சேர்க்காத கறுத்த மூஞ்சிக்காரர்கள். சம்பளம் வாங்கிய சனிக்கிழமை ராத்திரி சாராயக்கடையில் கிடந்தவர்கள், அதே ராத்திரியில் கூடிப் பாட ஆரம்பித்தார்கள். விழித்திருக்கும் ஆராதனை அவர்கள் கண்டுபிடித்ததுதான். 1742இல் பிரிஸ்டலில் கோயில் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒரு வகுப்பு, தலைக்கு வாரம் ஒரு பென்னி என்று ஏற்பாடு செய்தார்கள். காசு வாங்கப் போன தலைவன் வீட்டு நிலவரமும் விசாரித்தான். பென்னியும் பிடி அரிசியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மறுபக்கம் உண்டு. இ.பி. தாம்ப்சன் 1963இல் எழுதிய ஆங்கிலத் தொழிலாளர் வர்க்க வரலாற்றில் மெத்தடிசத்தைக் கிழித்துத் தொங்கவிடுகிறார். மணியடித்தால் எழு, குடிக்காதே, எதிர்த்துப் பேசாதே என்று சொல்லிச் சொல்லி ஆலை முதலாளிக்குத் தோதான உடம்பைத் தயார் செய்தது இந்த மதம் என்பது அவர் குற்றச்சாட்டு. அதில் பாதிக்கு மேல் உண்மை. ஆனால் அதே இங்கிலாந்தில், 1834இல் சங்கம் சேர்த்து சத்தியம் செய்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட டோல்படில் விவசாயக் கூலிகள் ஆறு பேரில் அஞ்சு பேர் மெத்தடிஸ்டுகள். அவர்கள் தலைவன் ஜார்ஜ் லவ்லெஸ் சபையில் பிரசங்கம் செய்கிறவன். கூட்டம் நடத்தவும், சொன்ன நேரத்துக்கு வரவும், சொன்னதைக் காப்பாற்றவும் அவர்கள் சபையில் பழகியிருந்தார்கள். 1862 டிசம்பர் 31 ராத்திரி அமெரிக்கக் கறுப்பு மக்கள் கோயில்களில் விழித்திருந்தது எதற்கு? விடிந்தால் லிங்கனின் விடுதலைப் பிரகடனம். ஒரே ஒழுங்குதான், ஆனால் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம். முதலாளி கைக்குப் போனால் அது கண்காணிப்பு. சேரி கையில் இருந்தால் அதுவே தெம்பு.

நம்ம பக்கத்தில் இது பளிச்சென்று தெரிந்தது ஞாயிற்றுக்கிழமையில். படியாளுக்கு லீவு கிடையாது. வேதத்துக்குப் போனவன் வாரத்தில் ஒருநாள் ஏர் பிடிக்க மாட்டேன் என்றான். வெளிப் பார்வைக்கு இது பக்தி. மிராசுதாரனுக்கு இது வாரா வாரம் நடக்கிற ஸ்டிரைக். அன்றைக்குப் படி கிடையாது என்பது தெரிந்தும் நின்றார்கள். அந்தப் பசியைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். பைபிளில் ஓய்வுநாள் கட்டளை ரெண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமத்தில் கடவுள் படைப்பை முடித்து ஓய்ந்தார் என்பது காரணம். உபாகமத்தில் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினைத்துக்கொள், உன் வேலைக்காரனும் ஓயட்டும். நம்ம சனங்களுக்கு எந்தக் காரணம் பிடித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதே காலத்தில் பம்பாயில் புலேயின் சத்யசோதக் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே மில் தொழிலாளர்களைத் திரட்டிப் போராடி, 1890இல் ஞாயிறு விடுமுறையை வாங்கிக் கொடுத்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை. ஒருநாளாவது என் உடம்பு எனக்கு என்ற பசி மதம் பார்த்து வருவதில்லை.

எல்லாக் கட்டுப்பாட்டையும் நான் மெச்ச வரவில்லை. செத்த மாட்டுக்கறியை விட்டதும் கள்ளை விட்டதும் நம்ம முடிவாகவும் இருந்தது. 1927 மகாடில் அம்பேத்கரும் செத்த மாட்டுக்கறியை விடச் சொன்னார். 1956இல் நாக்பூரில் கொடுத்த 22 உறுதிமொழிகளில் குடிக்க மாட்டேன் என்பதும் ஒன்று. ஆனால் பறையைத் தொடாதே என்று சொன்னது வேறு கதை. ஊர்ச்சாவுக்குக் கூலியில்லாமல் அடிக்க மாட்டேன் என்பது நியாயம். வீட்டுக்குள்ளும் அடிக்காதே, அது பிசாசின் கொட்டு என்பது துரையின் காதுக்கு ஆகாத சத்தம், அவ்வளவுதான். அந்த இடத்தில் சந்தோஷத்தைப் பிடுங்கிவிட்டு ஒழுங்கை வைத்தார்கள். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது ஆவியின் கனிகளை வரிசையாகச் சொல்கிறார். இச்சையடக்கம் கடைசியில் வருகிறது. சந்தோஷம் ரெண்டாவதாகவே வந்துவிடுகிறது. சபை ஒழுங்கு பேசிய பல பாதிரிகள் அந்த வரிசையைப் பின்னாலிருந்து படிக்க ஆரம்பித்து நடுவிலேயே நின்றுவிட்டார்கள்.

எங்க சபையில் சந்தோஷம் இருந்த இடம் பெரிய வெள்ளிக்கிழமை. லெந்து நாற்பது நாளும் சேர்த்த பிடி அரிசி அன்றைக்குக் கஞ்சியாகும். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. வெயில், பசி, பாட்டு. முடிந்ததும் வெளியில் பந்தலில் எல்லாரும் தரையில் வரிசையாக உட்காருவோம். கஞ்சியும் துவையலும். நாற்பது நாள் யார் எவ்வளவு எடுத்து வைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது, எல்லாரும் ஒரே அண்டாவில் குடித்தோம். ஊருக்குள் போய் மொள்ள வேண்டியதில்லை, யாரும் தூக்கி ஊற்ற வேண்டியதில்லை. அந்தக் கஞ்சிக்கு இருந்த ருசியை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. உபவாசம் இருக்கும்போது மூஞ்சியைத் தொங்கப்போடாதே, தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவிக்கொள் என்று மத்தேயுவில் இயேசு சொல்கிறார். எங்க ஆயா அதை அப்படியே எடுத்துக்கொண்டு, லெந்து நாளிலும் பூ வைத்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போகும். உபதேசியாருக்கு அது பிடிக்காது.

1980களில் எங்க நைனா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி வந்தார். சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் வேலை. ஃபர்னஸ் முன்னால் நிற்கிற வேலை. மூணு ஷிப்ட். ஆள் வரவில்லை என்றால் அப்படியே அடுத்த ஷிப்ட்டும் சேர்த்து. ஃபர்னஸை அணைத்தால் நஷ்டம், அதனால் ஞாயிறு கிடையாது. 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்தில் ஒருநாள் ஓய்வு, அதுவும் ஞாயிறு, வேலை வாங்கினால் முன்னே பின்னே மூணு நாளுக்குள் மாற்று லீவு என்று சொன்னது. நைனா அந்த மாற்று லீவைப் பார்த்ததில்லை. நூறு வருஷம் முன்னால் மிராசுதாரனிடம் பசியோடு நின்று வாங்கின ஞாயிற்றைப் பேரன் கம்பெனி கேட்டில் கொடுத்துவிட்டான். யாரும் பிடுங்கவில்லை. ஓ.டி. காசு என்ற பேரில் போனது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்த பிறகு, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. காகிதத்தில் வாபஸ் ஆனது இங்கே பல கேட்டுகளுக்குள் அதற்கு முன்பும் நடந்துகொண்டிருந்தது.

ஏசாயா 58ஆம் அதிகாரத்தை நம்ம சபைகள் லெந்து நாளில் படிக்கும். உபவாசம் இருந்துகொண்டே வேலைக்காரனைக் கசக்கிப் பிழிகிறவனைப் பார்த்துக் கடவுள் கேட்கிற கேள்வி அதில் இருக்கிறது. கட்டை அவிழ்ப்பதும் பசித்தவனோடு பங்கு போடுவதும்தான் உபவாசம் என்கிறது. படித்துவிட்டு, பிரசங்கத்தில் செல்போனைக் குறைக்கச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

நான் இருக்கிற லைன் வீடுகளில் சில பொம்பளைகள், கம்பெனிகளில் காண்ட்ராக்டில் பொறுக்கவும் பெருக்கவும் போகிறவர்கள், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வைக்கிறார்கள். ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர். மெத்தடிஸ்ட் என்ற பேர்கூட அவர்களுக்குத் தெரியாது, பாதிப் பேர் பெந்தெகொஸ்தே, ரெண்டு பேர் ஞானஸ்நானமே எடுக்காதவர்கள். மூலையில் ஒரு பழைய பெயின்ட் டப்பா இருக்கும், அதில் ஆளுக்கு ஒரு பிடி. ஒரிசாவிலிருந்து வந்த பையன் ஒருத்தனுக்கு ரோலரில் கை போனபோது அந்த டப்பா அரிசி மூணு வாரம் அவன் அறைக்குப் போனது. போன வருஷத்திலிருந்து இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறார்கள். மாசத்தின் கடைசி ஞாயிறு அவர்களில் யாரும் ஓ.டி.க்குப் போவதில்லை. மேஸ்திரி காரணம் கேட்டிருக்கிறான். "ஒருசந்தி" என்று சொல்லியிருக்கிறார்கள். "ஒருசந்தின்னா சோறுதானே திங்கக்கூடாது, வேலைக்கு வர்றதுக்கு இன்னா?" என்றானாம். இதைச் சொல்லிச் சொல்லி அன்றைக்கு ஜெபமே தொடங்க முடியாமல் சிரித்தார்கள். அந்தக் கடைசி ஞாயிற்றில் மத்தியானம் வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை. ரெண்டு மணிக்கு மேல் கறிக்குழம்பு வைக்கிறார்கள்.