காலால் ஓடும் படகும் அதைத் திருப்பும் சுக்கானும்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களை ஓர் ஏரிப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கி உண்டான ஏரி அது. அங்கே காலால் மிதித்து ஓட்டும் படகுகள் வாடகைக்கு இருந்தன. உயிர்காப்புச் சட்டைகளை மாட்டிக்கொண்டு, மூன்று பையன்களோடு ஒன்றில் ஏறினோம். மிதிக்க மிதிக்கப் படகு நன்றாகவே ஓடியது. நடு ஏரியை அடைந்ததும் காற்று எழுந்தது. திருப்பும் பிடியை இப்படி இழுத்தோம், அப்படி இழுத்தோம். படகோ தன் போக்கில் நாணற்புதரை நோக்கிப் போயிற்று. பையன்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். உள்ளபடி சொன்னால், எங்களுக்கும் நெஞ்சு படபடத்தது. கடைசியில் படகுக்காரர் வேறொரு படகில் வந்து சேர்ந்தார். பின்பக்கம் குனிந்து, தொய்ந்து கிடந்த ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினார். அவ்வளவுதான். அதன்பின் படகு சொன்ன பேச்சைக் கேட்டது.

கரையேறியதும் ஒரு பையன் கேட்டான்: "சைக்கிளுக்கு முன் சக்கரந்தானே சார் திரும்புது? படகுக்கு மட்டும் ஏன் பின்னால வச்சிருக்காங்க?" பயிற்சிக் கல்லூரியில் இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தோம். பிறகு தேடிப் படித்து அறிந்ததையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

படகைக் காலால் ஓட்டுவது புதிய யோசனை அன்று. பர்மாவின் இன்லே ஏரியில் வாழும் இந்தா மக்கள், படகின் நுனியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மறு காலைத் துடுப்பில் சுற்றித் தண்ணீரைத் தள்ளுவார்கள். வலை வீசக் கை வேண்டுமே, அதற்காக. சீனாவிலோ இந்த யோசனை போர்க்களம் வரை போயிற்று. 8ஆம் நூற்றாண்டில், தாங் அரசர்கள் காலத்தில், லீ காவ் என்ற இளவரசர் இருபுறமும் சக்கரம் வைத்த போர்க்கப்பல்களைக் கட்டுவித்தார். உள்ளே ஆட்கள் ஏறி மிதிப்பார்கள். வெளியே சக்கரங்கள் சுழன்று தண்ணீரைத் தள்ளும். காற்றும் வேண்டாம், பாயும் வேண்டாம்.

இந்தக் கப்பல்களைப் பற்றிய கதை ஒன்று உண்டு. 1130களில் டொங்டிங் ஏரியில் யாங் யாவ் என்பவர் அரசாங்கத்தை எதிர்த்துக் கலகம் செய்தார். அவரிடம் பெரிய சக்கரக் கப்பல்கள் இருந்தன. அரசுப் படையால் அவற்றைப் பிடிக்க முடியவில்லை. 1135இல் தளபதி யுவே ஃபெய் வந்தார். அவர் பீரங்கியைத் தேடவில்லை. மரங்களை வெட்டி நீரில் விட்டார். அழுகிய கட்டைகளையும் செடிகொடிகளையும் மிதக்கவிட்டார். அவை சக்கரங்களில் சிக்கிக்கொண்டன. எத்தனை பேர் மிதித்தும் சக்கரம் சுழலவில்லை, கப்பல் நகரவில்லை. நகராத கப்பலைத் திருப்பவும் முடியாது. கலகம் அத்தோடு முடிந்தது. ஆனால் அந்தக் கப்பல்களின் பயனை அரசு மறந்துவிடவில்லை. 1161இல் யாங்சி நதியில், சாய்ஷி என்ற இடத்தில், வடக்கிலிருந்து வந்த ஜின் படையை இதே வகைச் சக்கரக் கப்பல்களைக் கொண்டுதான் சோங் படை தடுத்து நிறுத்தியது.

இனிச் சுக்கானுக்கு வருவோம். ஆதியில் படகின் பின்பக்கத்தில் ஒருவர் பெரிய துடுப்பைப் பிடித்துக்கொண்டு திசை திருப்பினார். படகின் பின்முனையிலேயே நிலையாகப் பொருத்திய சுக்கானுக்குப் பழைய சான்று சீனாவில்தான் கிடைத்திருக்கிறது. குவாங்சோ நகரில், ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஹான் காலத்துக் கல்லறை ஒன்றில், மண்ணால் செய்த சிறு படகு இருந்தது. அதன் பின்முனையில் சுக்கான் தெளிவாகத் தெரிகிறது. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் அளவே உள்ள பொருள் நமக்கு எவ்வளவு பெரிய செய்தியைச் சொல்கிறது பாருங்கள்! ஐரோப்பாவில் இத்தகைய சுக்கான் ஏறத்தாழ 1180ஆம் ஆண்டுக் கற்சிற்பங்களில்தான் காணப்படுகிறது. பெரிய சுக்கானைத் திருப்பக் கைவலி கண்ட சீனர்கள், அதன் பலகையில் துளைகளைப் போட்டுப் பாரத்தைக் குறைத்தார்கள். பலகையின் ஒரு பகுதியை அச்சுக்கு முன்னால் நீட்டியும் வைத்தார்கள். அப்படிச் செய்தால் தண்ணீரே திருப்புவதற்குக் கொஞ்சம் கை கொடுக்கும்.

அந்தப் பையனின் கேள்விக்கு விடை இதுதான். சைக்கிளின் சக்கரம் தரையைப் பற்றிக்கொள்கிறது. முன் சக்கரம் காட்டிய வழியில் பின் சக்கரம் போகிறது. தண்ணீரில் அப்படிப் பிடிமானம் இல்லை. ஓடும் படகு தன் முன்பகுதியில் உள்ள ஒரு புள்ளியைச் சுற்றியே திரும்புகிறது. அந்தப் புள்ளியிலிருந்து தூரத்தில் தள்ளினால்தான் எளிதில் திரும்பும். கதவைக் கீல் பக்கம் தள்ளாமல் பிடியின் பக்கம் தள்ளுகிறோம் அல்லவா, அதுபோல. சுக்கானை வலப்பக்கம் திருப்பினால், பாயும் நீர் படகின் பின்பகுதியை இடப்பக்கம் ஒதுக்குகிறது. மூக்கு வலப்பக்கம் திரும்புகிறது. நீர் பாய்ந்தால்தான் இது நடக்கும். படகின் வேகம் இருமடங்கானால் சுக்கானின் வலு நான்கு மடங்காகும். மெதுவாகப் போகும்போது படகு முரண்டு பிடிப்பது இதனால்தான்.

வட துருவப் பகுதியின் இனுயிட் மக்கள், மிதந்து வந்த மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தித் தைத்துச் செய்த ஒடுங்கிய படகுதான் கயாக். இருமுனைத் துடுப்பு ஒன்றே அதை ஓட்டவும் செய்யும், திருப்பவும் செய்யும். வலப்பக்கம் வலித்தால் இடப்பக்கம் திரும்பும். எனவே சுக்கான் இல்லாமலே காலம் தள்ள முடிந்தது.

1997இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஹோபி நிறுவனம், காலால் மிதிக்கும் கயாக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சைக்கிள் போல வட்டமாக மிதிப்பதன்று. தையல் இயந்திரத்தில் போல முன்னும் பின்னுமாக மிதிப்பது. படகின் அடியில் இரண்டு துடுப்புச் செட்டைகள், பெங்குவின் நீந்துவதைப் போல இடமும் வலமுமாக வீசும். கையைவிடக் காலுக்கு வலு அதிகம்; மேலும் கை சும்மா இருப்பதால் தூண்டிலைப் பிடிக்கலாம். மீன்பிடிப்பவர்கள் விரும்பி வாங்கினார்கள். ஆனால் துடுப்பு போனதோடு திருப்பும் வேலையும் முழுக்கச் சுக்கானின் தலையில் விழுந்தது. இடக்கைப் பக்கத்தில் சிறு பிடி, அதிலிருந்து பின்முனை வரை கயிறு, கயிற்றின் முடிவில் சிறிய பலகை. அந்தப் பலகை போதவில்லை என்று பலர் குறைபட்டார்கள். பெரிய பலகைகள் வந்தன. முதலில் பின்னோக்கிச் செல்ல வழியில்லை. 2010களின் நடுவில், செட்டைகளைத் திருப்பிவிட்டுப் பின்னால் போகும் வசதியும் வந்தது.

எங்கள் கருத்தில், பலகையை மாற்றுவதற்கு முன் கயிற்றைப் பார்ப்பதே முறை. வெயிலிலும் நீரிலும் கிடந்து கயிறு நீண்டுவிடும். பிடி அசையும், சுக்கான் அசையாது. அடுத்துப் பார்க்க வேண்டியது சுமை. கனமான ஆள் முன்னால் உட்கார்ந்தால் மூக்கு அமிழ்ந்து, பின்முனை எழும்பி, சுக்கான் பாதி நீருக்கு வெளியே நிற்கும். பெரிய பலகை நன்றாகத் திருப்பும், ஆனால் வேகத்தையும் கொஞ்சம் விழுங்கும். ஆழமில்லாத இடத்தில் பாறையில் மோதினால் சுக்கான் உடையாமல் இருக்க, மெல்லிய நைலான் ஆணி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது முறிந்து சுக்கானைக் காப்பாற்றும். மாற்று ஆணி ஒன்று பையில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்துக்காரர் ஜேசன் லூயிஸ், நண்பர் ஒருவரோடு மாறி மாறி மிதித்து, 26 அடி நீள மரப்படகில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தார். 1994இல் போர்ச்சுகலிலிருந்து புறப்பட்டு, 111 நாட்களில், 1995இல் அமெரிக்காவின் மயாமியை அடைந்தார்கள். பிறகும் பயணத்தை விடவில்லை அவர். கடலில் மிதித்தும் நிலத்தில் சைக்கிளிலும் வேறு வகைகளிலும் உடல் வலுவாலேயே உலகைச் சுற்றி, 2007 அக்டோபரில் லண்டன் கிரீன்விச்சுக்குத் திரும்பினார். அந்த மரப்படகுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? மோட்சம் என்று நாம் சொல்லும் அதே வடசொல்தான்: மோக்ஷா.

அந்தப் பையன் இப்போது பெரியவனாகிவிட்டான். சென்ற தீபாவளிக்கு வந்திருந்தபோது இதையெல்லாம் அவனிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அன்னிக்குக் கயிறு தொய்ஞ்சிருக்கான்னு ஏறும்போதே பார்த்திருக்கலாமே சார்?" என்றான்.