மண்டைக்காட்டு மணலை யாரைக் கேட்டு அள்ளுவது?

மண்டைக்காடு என்றதும் பகவதி அம்மனும் மாசிக் கொடையும்தான் எல்லாருக்கும் நினைவு வரும். பொறியாளனான எனக்கு அந்தக் கரையின் கரிமணலும் நினைவு வரும்.

1909-இல் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் கண்டுபிடித்தார். அதிலுள்ள தோரியம் அப்போது கேஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. பக்கத்து மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. அணுகுண்டுக்குப் பிறகு தோரியத்துக்கு மவுசு கூடிப் போச்சு. 1947-இல் தனிநாடு கேட்ட திவான் சர் சி.பி.க்கு இந்த மணலும் ஒரு துருப்புச்சீட்டு. 1950-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் தொடங்கியது. மணவாளக்குறிச்சி ஆலையும் பின்னர் அதன் கைக்கு வந்தது.

ராஜா, திவான், மத்திய அரசு என்று அதிகாரம் கைமாறியது. ஆனால், கரையில் வலை உலர்த்துகிறவரையும் கேட்டாக வேண்டும் என்று சுற்றுச்சூழல் அனுமதிக்கு மக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமானது 1997-இல்தான்!

கூட்டத்துக்குப் போனா போதுமா? முந்நூறு பக்க அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்க ஆள் வேண்டாமா? ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. கடலை ஆராய்வதுபோல, கடற்கரையைப் பற்றி யார், எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயவும் ஒரு பணியிடம் வேண்டும். ஆலை தரும் வேலையும் வேணும், கரையும் வேணும். இரண்டையும் எடைபோட அது உதவும்.

நம் சங்கம் வருஷம் ஒரு மாணவருக்கு உதவித்தொகை கொடுத்து இதை ஆரம்பிக்கலாமே! என் பங்கைத் தர நான் தயார்.