எண்கோட்டுப் புள்ளிப்படம்: தொடக்கப்பள்ளியில் தகவல் கையாளுதலின் வரலாறு

எண்கோட்டுப் புள்ளிப்படம் என்பது ஓர் எண்கோட்டின் மேல், ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு புள்ளியோ பெருக்கல் குறியோ இட்டு வரையப்படும் எளிய வரைபடம். ஒரே எண் மீண்டும் வந்தால் முந்தைய குறிக்கு மேலே அடுத்த குறி இடப்படும். குறிகள் உயர்ந்து நிற்கும் இடத்தில் அந்த எண் பலமுறை வந்துள்ளது. குறியே இல்லாத இடத்தில் ஒருமுறையும் வரவில்லை. ஏழெட்டு வயதுக் குழந்தையே இதை வரையவும் படிக்கவும் முடியும்.

தோற்றம்

புள்ளிவிவரங்களைப் படமாக வரையும் முறைக்கு முன்னோடி ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர். 1786-இல் வெளியிட்ட நூலில் அவர் கோட்டு வரைபடத்தையும் பட்டை வரைபடத்தையும் பயன்படுத்தினார். 1884-இல் வெளிவந்த பொருளியலறிஞர் ஜெவன்ஸின் நூலில், தங்க நாணயங்களின் எடையைப் புள்ளிகளால் காட்டும் படம் உள்ளது. 1977-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி, கணக்கீட்டுக்கு முன் தகவலைக் கண்ணால் பார்த்து ஆராய வேண்டும் என்பதை வலியுறுத்தி நூல் எழுதினார். இக்கருத்து பள்ளிகளையும் எட்டியது. 1989-இல் அமெரிக்கக் கணித ஆசிரியர் அமைப்பு தொடக்க வகுப்பிலிருந்தே புள்ளியியலைக் கற்பிக்கப் பரிந்துரைத்தது. 2010-இல் அந்நாட்டில் வந்த பொதுப் பாடத்தரம், இரண்டாம் வகுப்பிலேயே பொருள்களின் நீளத்தை அளந்து இப்படத்தில் குறிக்கச் சொல்கிறது.

இந்தியாவில் புள்ளியியலுக்கு அடித்தளமிட்டவர் பி. சி. மகாலனோபிஸ். அவர் 1931-இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் பிறந்த நாளான ஜூன் 29, 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தமிழகப் பள்ளிகளில்

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவை மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டன. முந்திரி முதலான பின்னங்களைக் குழந்தைகள் வாயாலேயே கூட்டினர். அங்கே எண்ணும் அளவும் இருந்தன, படம் இல்லை.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. குழந்தைகள் தரையில் அமர்ந்து அட்டைகளைக் கொண்டு தாமே செய்து கற்றனர். இதற்கிடையே, 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி வந்த என்.சி.இ.ஆர்.டி. கணக்கு நூல்களில் தகவல் கையாளுதல் இடம்பெற்றது. தமிழகப் பாடநூல்களில் இது 'தகவல் செயலாக்கம்' எனப்படுகிறது. நேர்க்கோட்டுக் குறிகள், பட விளக்கப்படம், பட்டை வரைபடம் ஆகியவை அதில் வருகின்றன. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் செய்து கற்பதையே அடிப்படையாகக் கொண்டது. எண்கோட்டையும் தகவல் செயலாக்கத்தையும் தனித்தனியே கற்ற குழந்தைக்கு, இரண்டையும் இணைத்துக் காட்ட இப்படம் உதவும்.

தீப்பெட்டி வட்டாரமும் எண்ணிக்கையும்

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியை ஒட்டிய எம். புதுப்பட்டி போன்ற ஊர்களில் இப்பாடத்துக்குத் தனிப் பொருள் உண்டு. 1922-இல் கொல்கத்தா சென்று தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் திரும்பி வந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பின்னர்ப் பட்டாசும் அச்சுத்தொழிலும் வளர்ந்தன. கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் ஆகிய வேலைகளில் குழந்தைகளும் நெடுங்காலம் ஈடுபடுத்தப்பட்டனர். கூலி எண்ணிக்கைக்குத்தான். ஒரு குரோஸ் என்றால் 144 என்பது பள்ளிக்குப் போகாத குழந்தைக்கும் தெரியும். தான் எண்ணியதை எழுதி வைக்கத்தான் தெரியாது.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கி, சிறப்புப் பள்ளிகள் திறக்கப்பட்டன. சிவகாசிக் குழந்தைகள் பற்றிய எம். சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவும் இக்குழந்தைகளைப் பள்ளிக்குள் நிறுத்திய பெரும் காரணங்களுள் ஒன்று.

கற்பிக்கும் முறை

இந்த வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் பொருள் புளியம்பழம். 20 பழங்களை உடைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கொட்டைகள் எனக் குழந்தைகள் எண்ணட்டும். தரையில் சுண்ணக்கட்டியால் 1 முதல் 12 வரை சம இடைவெளியில் எண்கோடு வரைய வேண்டும். ஒரு பழத்துக்கு ஒரு கொட்டையை அதன் எண்ணுக்கு மேல் வைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, கிடைத்த விவரம் இப்படி இருக்கலாம்:

3 கொட்டைகள்: 1 பழம்
4 கொட்டைகள்: 2 பழங்கள்
5 கொட்டைகள்: 4 பழங்கள்
6 கொட்டைகள்: 6 பழங்கள்
7 கொட்டைகள்: 4 பழங்கள்
8 கொட்டைகள்: 2 பழங்கள்
11 கொட்டைகள்: 1 பழம்

6-க்கு மேல் உள்ள வரிசைதான் உயரமானது. எனவே 6 இதன் முகடு. 11-லிருந்து 3-ஐக் கழித்தால் வீச்சு 8. ஒன்பதிலும் பத்திலும் எதுவும் இல்லை. பதினொன்று தனியே நிற்கிறது. எண்ணியதில் பிழையா, உண்மையிலேயே நீண்ட பழமா என்று அந்தப் பழத்தை மீண்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். தரையில் செய்தபின் நோட்டில் பெருக்கல் குறியிட்டு வரையலாம்.

வழக்கமான பிழைகள்

முதலாவது, குறி இல்லாத 9, 10 ஆகிய எண்களை விட்டுவிட்டு 8-க்கு அடுத்து 11 எழுதுவது. அப்படி எழுதினால் இடைவெளி மறைந்துபோகும். பட்டை வரைபடத்தில் மாம்பழம், கொய்யா என்பவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். எண்கோட்டில் அது கூடாது. இரண்டாவது, குறிகளைச் சிறிதும் பெரிதுமாக இடுவது. அப்போது குறைந்த எண்ணிக்கையும் உயரமாகத் தோன்றும். மூன்றாவது, 'அதிகம்' என்ற சொல்லில் வரும் குழப்பம். 'அதிகக் கொட்டை உள்ள பழம் எது?' என்றால் விடை 11 உள்ள பழம். 'அதிகப் பழங்களில் இருந்தது எத்தனை கொட்டை?' என்றால் விடை 6. இரு கேள்விகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் குழந்தைக்கு வேறுபாடு விளங்கும்.

ஆசிரியருக்கும் ஒரு பாடம்

22 வேலை நாள்கள் கொண்ட ஒரு மாதத்தில், 20 பேர் உள்ள வகுப்பில் 18 பேர் 20 நாள்கள் வந்தனர், 2 பேர் 4 நாள்கள் மட்டுமே வந்தனர் என்று கொள்வோம். சராசரி வருகை 18.4 நாள். பதிவேட்டில் இது நல்ல எண். இதையே எண்கோட்டில் குறித்தால், இடக்கோடியில் 4-க்கு மேல் இரண்டு குறிகள் தனியே நிற்கும். சராசரி மறைத்த இரு குழந்தைகளைப் படம் காட்டிவிடும். இதை வகுப்புச் சுவரில் ஒட்டாமல் ஆசிரியர் தம் குறிப்பேட்டில் வைத்துக்கொள்வதே முறை. பிறகு அந்த இரு வீடுகளுக்கும் போய்வர வேண்டும். ஒரு காலத்தில் குரோஸ் கணக்கு எண்ணிய பிள்ளைகளின் ஊர்களில், தகவலைப் படிக்கக் கற்பதன் முதற்பயன் இதுவே.